விதை கொடுப்பதும் கொடைதான்

கேள்வி: போன பிசானத்தில் என் வயலில் நெல் நன்றாக விளைந்தது. பக்கத்து வயல்காரர் விதைக்குக் கேட்கிறார். சும்மா கொடுக்கவா, விலை வாங்கவா? சட்டச் சிக்கல் வருமா?
– வாசகர், இலத்தூர்

பதில்: நம் பக்கம் கொடை என்றால் அம்மன் கோயில் திருவிழா. ஊரார் எல்லாரும் வரி கொடுப்பார்கள், எல்லாருக்கும் பங்கு உண்டு. விதையும் அப்படித்தான். மறைந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் பாரம்பரிய விதை 2 கிலோ கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கேட்பார். வாங்கியவர் விதையும் பெருகியது, அடுத்தவருக்கும் கிடைத்தது. நீங்களும் அப்படிக் கேட்கலாம்.

பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் 2001-ன்படி, விளைவித்த விதையைக் கொடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பெயரிட்டு, லேபிள் ஒட்டி மட்டும் விற்கக் கூடாது.

முளைக்காத விதையைக் கொடுத்தால் அவருக்கு ஒரு பூ போய்விடும். முதலில் 100 நெல்லை ஈரச்சாக்கில் சுருட்டி, காயாமல் பாருங்கள். ஒரு வாரத்தில் 80-க்குக் குறையாமல் முளைத்தால் கொடுங்கள். வீரிய ஒட்டு ரகமானால் வேண்டாம். மறுவிதைப்பில் பயிர் ஒன்றுபோல் வராது. அதை அவரிடம் உள்ளபடி சொல்லிவிடுங்கள்; அதுவும் தாராள மனசுதான்.