பம்புசெட்டில் ஒரு ரோல்ஸ்-ராய்ஸ்

1907-இல் புகழ்பெற்ற ‘சில்வர் கோஸ்ட்’ ரோல்ஸ்-ராய்ஸ் காரில் ‘கவர்னர்’ என்னும் வேகக் கட்டுப்படுத்தி இருந்தது. எஞ்சின் வேகம் கூடினால் சுழலும் எடைகள் வெளிப்புறமாக விரியும். உடனே பெட்ரோல்-காற்றுக் கலவை செல்லும் வழி குறுகும். வேகம் குறைந்தால் வழி அகலும். 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் கையாண்ட அதே தத்துவம்!

மாணவ நண்பர்களே, இதைக் காண மகாராஜாக்களின் கார்களைத் தேட வேண்டாம். தஞ்சைப் பக்கம் குறுவை நாற்றங்காலுக்கு நீர் இறைக்கும் டீசல் எஞ்சினிலும் கவர்னர் உண்டு. அங்கே அது டீசலின் அளவைக் கட்டுப்படுத்துகிறது. பளு திடீரெனக் குறைந்தாலும் எஞ்சின் தறிகெட்டு ஓடாது.

வட்ட இயக்கத்தைக் கயிற்றில் கட்டிய கல்லோடு முடித்துவிடுவது போதாது என்பது என் கருத்து. கவர்னரைச் சரிசெய்யும் மெக்கானிக்கும் இயற்பியல் ஆசிரியரே. அவரிடமும் கேளுங்கள்!