பழுது பார்க்க முடிகிற அழகு

திண்டுக்கல்லின் புறநகரில், பழனி சாலையிலும் நத்தம் சாலையிலும் வத்தலக்குண்டு செல்லும் வழியிலும் அண்மைக் காலத்தில் எழுந்திருக்கும் புது வீடுகளுக்குள் நுழைந்து பார்த்தால், மேலே ஜிப்சம் சீலிங், கீழே முகம் தெரியும்படி பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ், சுவரோடு ஒட்டிய மரத்தூள் பலகை அலமாரி, அடுக்களையில் மாடுலர் கிச்சன் என ஒரே அச்சில் வார்த்த அலங்காரத்தையே பெரும்பாலும் காண்கிறோம். இந்த அலங்காரத்துக்கு இப்போது ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்ற விசேஷணமும் சேர்ந்துவிட்டது. மூங்கில் நிறத்தில் ஒரு தகடும், ஜன்னலோரம் இரண்டு தொட்டிச் செடிகளும், பெயிண்ட் டப்பாவின் மேல் ஒரு பச்சை இலைச் சின்னமும் இருந்துவிட்டால் இல்லம் இயற்கையோடு இசைந்துவிட்டது என்று விளம்பரங்கள் நம்மை நம்பச் சொல்கின்றன. ஒரு பொருளின் யோக்கியதையை அதன்மேல் ஒட்டிய முத்திரையைக் கொண்டு நிர்ணயிப்பதைவிட, அது பழுதானால் செப்பனிட நம் பக்கத்தில் ஆள் உண்டா, செப்பனிடவும் முடியாத நாளில் அது எங்கே போய்ச் சேரும் என்ற இரண்டு கேள்விகளைக் கொண்டு நிர்ணயிப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஊருக்கு இது புதிய சிந்தனை அன்று. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, இந்த விதிக்குப் பிரத்தியட்ச உதாரணமாக நம் கதவுகளிலேயே தொங்கியது. தகட்டை வெட்டி, நெம்புகளை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி, அவற்றுக்குப் பொருந்தும் சாவியையும் கையாலேயே செய்து முடித்த தொழிலாளி, அது சிக்கிக்கொண்டால் ஆணியைக் கழற்றி உள்ளே பார்த்துச் சரிசெய்யவும் வல்லவராக இருந்தார். தாத்தா காலத்து மாங்காய்ப் பூட்டைப் பேரன் பயன்படுத்த முடிந்ததற்குக் காரணம் இரும்பின் கெட்டித்தனம் மட்டுமன்று. செய்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததும் ஆகும்.

இதே கேள்வியை இன்றைய அலமாரியிடம் கேட்டுப் பாருங்கள். மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை, அடுக்களைத் தொட்டிக் குழாய் ஒருமுறை கசிந்தாலே ஊதிப் பொருமுகிறது. கீலைத் தாங்கிய திருகு ஒருதரம் பெயர்ந்தால் அந்தத் துளை மறுபடி பிடிப்பதில்லை. “இது நிக்காதுங்க, புதுசா மாத்திடுங்க” என்று ஆசாரி கையை விரித்துவிடுகிறார். அந்தப் பலகையை எரித்தாலும் நஞ்சு, புதைத்தாலும் மட்குவது அரிது. வீட்டுக்குள் இருக்கும் காலத்திலும், அதன் பசையிலுள்ள ஃபார்மால்டிஹைடு சிறிது சிறிதாகக் காற்றில் கலந்துகொண்டேயிருக்கிறது. அந்த வாயு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது.

தரைக்கு வருவோம். குஜராத்தின் மோர்பியில் ஏறக்குறைய 1,200 டிகிரி வெப்பத்தில் சுடப்பட்டு, 1,500 கிலோமீட்டருக்கும் மேலாக லாரியில் பிரயாணம் செய்து வருகிற ஓடுகளைப் பதிக்கும் நாம், நத்தம், திருப்பத்தூர் வழியாகச் சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய ஆத்தங்குடியை மறந்துபோகிறோம். அங்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சட்டத்துக்குள் வைத்து, அதன்மேல் பூவேலைத் தகட்டை இருத்தி, அறைக்கு ஒரு நிறமாகச் சாயச் சாந்தை ஊற்றுகிறார்கள். தகட்டைத் தூக்கியபின் உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, அதற்குமேல் ஈரக் கலவையை இட்டு, கரணையால் அழுத்தி மட்டம் செய்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயப்போடுகிறார்கள். சூளை என்பதே இல்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் வழவழப்பாகிவிடுகிறது. சிமெண்ட் சேர்வதால் அது முற்றிலும் குற்றமற்றது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் துடைக்கத் துடைக்க மெருகேறும் அத்தரை, ஓரிடத்தில் உடைந்தால் அதே அச்சில் வேறொரு கல்லை வார்த்து வாங்கிப் பதிக்க இடம் கொடுக்கிறது.

சுவரிலும் இதுவே நியாயம். உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியால் நேர்வது. சுண்ணாம்பும் சூளையில் வெந்து வருவதுதான். ஆனால் சிமெண்டுக்கு 1,450 டிகிரி வேண்டியிருக்க, சுண்ணாம்புக்கு 900 டிகிரி அளவே போதும். பூசிய பின்னரோ, காற்றிலுள்ள அதே வாயுவை மெள்ள உள்வாங்கித்தான் அது மீண்டும் கல்லாக இறுகுகிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்து, மேற்பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவர்கள் நூறாண்டுக்குப் பின்னும் பளிங்குபோல் நிற்கின்றன.

வீட்டின் அழகுக்கு வெளியே யாரோ விலை கொடுக்கிறார்கள் என்பதையும் திண்டுக்கல் நன்கு அறியும். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோலுக்குப் பேர்பெற்றிருந்த இவ்வூரில், குரோமிய உப்பைக் கொண்டு விரைவாகப் பதனிடும் முறை பரவியபோது, சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் கழிவால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் வரிசையில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தையும் குறிப்பிட்டது. தோல் சோபாவில் சாய்ந்திருப்பவர் கண்ணுக்கு அந்தக் கிணறு புலப்படுவதில்லை.

பழமையைத் துதிபாடுவது என் நோக்கமன்று. சாணமிட்டு மெழுகும் தரைக்காகத் தினமும் இடுப்பொடிந்த பெண்களும், ஒழுகும் கூரையின் கீழ் மழையிரவுகளைக் கழித்த ஏழைகளும் கான்கிரீட்டை விரும்பியதில் ஒரு பிசகும் இல்லை. பழைய செட்டிநாட்டு வீடுகளை இடித்துப் பெயர்த்த தேக்குத் தூண்களைக் காரைக்குடிக் கடைகளில் வாங்கி நட்டுவிட்டால் இயற்கைக்கு உபகாரம் செய்துவிட்டோம் என்பதும் மயக்கமே; அந்தக் கிராக்கி பெருகுமானால், நிற்கிற வீடுகளையும் அது இடிக்கச் சொல்லும். சுண்ணாம்புப் பூச்சுக்கு நாளும் கூலியும் அதிகம் என்ற ஆட்சேபமும் மெய்யானதே. ஆனால் செலவைக் கணக்கிடும்போது, பத்தாண்டுக்கு ஒருமுறை பெயர்த்தெறிந்து புதிதாக வாங்கும் செலவையும் அதே ஏட்டில் எழுதுவதுதான் நேர்மை.

நல்ல வீட்டுக்கு வேண்டிய சாமான்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தியடிகள் கூறியதை மனத்தில் கொண்டே கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் வீடுகளைக் கட்டினார்; நிலைத்திருக்கும் பொருளாதாரத்தைப் பற்றி எழுதிய ஜே.சி. குமரப்பா தம் கடைசிக் காலத்தைத் தே. கல்லுப்பட்டியில் கழித்தார்; டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம் சின்னாளபட்டிக்கு அருகிலேயே இருக்கிறது. இத்தகைய பரம்பரையுள்ள வட்டாரத்தில், இனிக் கட்டப்படும் அரசு அலுவலகங்களின் உள்வேலைக்கேனும் தென்னை மரச் சட்டங்களும், சின்னாளபட்டித் தறியில் நெய்த திரைகளும், கோரைப் பாய்களும், ஆத்தங்குடிக் கற்களும், உள்ளூர்ப் பூட்டுகளும் கட்டாயமாக இடம்பெற வேண்டும். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் சுண்ணாம்புப் பூச்சுக்குக் கட்டுபடியாகும் கூலியும், பாலிடெக்னிக் பாடத்திட்டத்தில் கொத்தனார், ஆசாரி, பூட்டுத் தொழிலாளி ஆகியோர் நேரில் கற்பிக்கும் பயிற்சியும் சேர வேண்டும். வீடு கட்டுவோர் செய்யத்தக்கதோ இன்னும் எளிது: எந்தச் சாமானுக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன், “இது கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்?” என்று கேட்டு, பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்காமல் திரும்பிவிடுவது.