கொல்லிமலை இறங்க 10 ஆயிரம் ரூபாய் சீட் தேவையா? என் கணக்கு இதுதான்

போன மாசம் ஒரு தம்பி போன் பண்ணார். சேலத்துல தனியார் கம்பெனி வேலை, கையில வர்றது மாசம் 32 ஆயிரம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி 38 ஆயிரம் ரூபாய்க்கு இஎம்ஐ போட்டு ஒரு மவுண்டன் பைக் வாங்கினவர். கடன் முடிஞ்சுது, போனஸும் வந்துடுச்சு. "கொல்லிமலை டவுன்ஹில்லுக்கு கார்பன் சீட் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், 10 ஆயிரம் ஆகுதுங்ணா. வாங்கிடலாமா?"ன்னு கேட்டார்.

"இப்ப இருக்கிற சீட்டுக்கு என்ன?"ன்னு கேட்டேன்.

"அரை மணி நேரத்துல மரத்துப் போயிடுதுங்ணா. ஜெல் கவர் மூணு மாத்திட்டேன். ஆறு மாசமா வண்டியையே எடுக்கல."

இதுவரைக்கும் எத்தனை தடவை மலைக்குப் போயிருக்கார்னு எண்ணச் சொன்னேன். ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் சேர்த்து 19 தடவை. 38 ஆயிரத்தை 19ஆல வகுத்தா, ஒரு ரைடுக்கு 2,000 ரூபாய் ஆகுது. அந்தக் காசுக்கு டாக்ஸி பிடிச்சே மலைக்குப் போயிட்டு வந்திருக்கலாம்!

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சீட் விஷயத்துல நாம ரெண்டு பக்கமும் தப்பு பண்றோம். ஒண்ணு, 400 ரூபாய் கவரா வாங்கி வாங்கிக் குப்பையில போடுறோம். இல்லன்னா, ரேஸ்காரங்க சீட்டை போனஸ்ல வாங்குறோம். சம்பளக்காரங்களுக்கு சரியான சீட் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. அதை வாங்குறதுக்கு முன்னாடி பைசா செலவில்லாத ரெண்டு வேலை இருக்கு.

இறங்கும்போது யாரும் உட்காருறதில்ல

"டவுன்ஹில் சீட்"ங்கிற பேரைக் கேட்டா, கரடுமுரடான பாதையில இறங்கும்போது சொகுசா உட்கார வைக்கிற சீட்னு தோணும். ஆனா டவுன்ஹில் ரேஸ் வீடியோ ஒண்ணைப் பாருங்க, சீட் அடிமட்டத்துல இருக்கும். ஓட்டுறவர் பெடல் மேல நின்னுக்கிட்டு, முழங்காலை லேசா மடக்கி, உடம்பைப் பின்னால தள்ளியிருப்பார். 1990ல அமெரிக்காவோட டுராங்கோவுல நடந்த முதல் உலக மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப்லயே டவுன்ஹில் ஒரு போட்டியா இருந்தது. அந்தப் போட்டியில ஒரு ரன் சில நிமிஷத்துல முடிஞ்சிடும். அதுக்கு செஞ்ச சீட் குட்டையா, ஒல்லியா, பஞ்சு கம்மியா இருக்கும். அடி தாங்கணும், உடம்பு பின்னால போகும்போது தடுக்கக் கூடாது. அதோட வேலை அவ்வளவுதான்.

நம்ம கதை வேற. ரேஸ் நடக்கிற பல இடத்துல வண்டியை மேல கொண்டுபோக லிஃப்ட் இருக்கும், இல்ல வேன் இருக்கும். நாம காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவையும் மிதிச்சே ஏறி, அப்புறம்தான் இறங்குறோம். ஏற்காடுன்னா 20 வளைவு. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்துல இருக்கு, ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல. அந்த 1,200 மீட்டர் ஏற எனக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். அந்த நேரம் முழுக்க சீட்லதான் இருக்கேன். இறங்க முக்கால் மணி நேரம்கூட ஆகாது, அதுலயும் பாதி நேரம் பெடல் மேல நிக்கிறேன்.

அதனால சேலம், நாமக்கல்காரங்க சீட்டைத் தேர்ந்தெடுக்கிற விதம் இதுதான்: சொகுசை ஏத்தத்துக்குப் பாருங்க, உறுதியை இறக்கத்துக்குப் பாருங்க.

மெத்துனு இருந்தா சொகுசா?

எங்க சித்தப்பா நாமக்கல்ல லாரி பாடி கட்டுற பட்டறையில சீட் வேலை பாத்தவர். புதுசா வர்ற டிரைவர் சீட்டை அமுக்கிப் பாத்துட்டு "இன்னும் சாஃப்டா போடுங்க"ம்பாராம். பழைய டிரைவர் கெட்டியான ஃபோம்தான் கேப்பாராம். நாமக்கல்ல இருந்து வடநாடு வரைக்கும் ஓட்டினவருக்குத்தான் தெரியும், மெத்துனு இருக்கிற ஃபோம் கொஞ்ச நாள்ல அமுங்கிடும், அப்புறம் அடியில இருக்கிற பலகை மேலதான் உட்காரணும்னு.

சைக்கிள்லயும் அதேதான். நம்ம உடம்பு எடையைத் தாங்க இடுப்புக்கு அடியில ரெண்டு எலும்பு முட்டு இருக்கு. அந்த ரெண்டும் சீட்டோட அகலமான பகுதியில பதிஞ்சா நல்லது. சீட் ரொம்ப மெத்துனு இருந்தா முட்டு ரெண்டும் உள்ள அமுங்கி, நடுவுல இருக்கிற ஜெல் மேல எழும்பும். அங்கதான் நரம்பும் ரத்தக் குழாயும் போகுது, அதை அழுத்தினா மரத்துப் போகும். தம்பி மரத்துப் போகுதுன்னு ஜெல் கவர் போட்டார். அது இன்னும் மரத்துச்சு, இன்னும் தடிமனா ஒண்ணு வாங்கினார். மூணு கவருக்கு 1,200 ரூபாய் போயிடுச்சு.

ஒரு விஷயம், இதை சாதாரணமா விட்டுடாதீங்க. சீட்டை மாத்தியும், அட்ஜஸ்ட் பண்ணியும் மரத்துப் போறது நிக்கலன்னா டாக்டரைப் பாருங்க.

பைசா செலவில்லாத முதல் வேலை: அட்டைப்பெட்டி

ஆன்லைன்ல ஏதாவது வாங்கின அட்டைப்பெட்டி வீட்டுல கிடக்கும் இல்லையா, அதுல ஒரு துண்டு வெட்டிக்கோங்க. கெட்டியான படிக்கட்டு மேலயோ மர ஸ்டூல் மேலயோ வெச்சு, மெல்லிசான துணியோட அது மேல உட்காருங்க. காலுக்கு அடியில ரெண்டு தடி புத்தகம் வெச்சு முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தி, சைக்கிள் ஓட்டுற மாதிரி முன்னால சாயுங்க. ஒரு நிமிஷம் கழிச்சு எந்திரிச்சா அட்டையில ரெண்டு குழி தெரியும். ஒரு குழியோட நடுவுல இருந்து இன்னொண்ணோட நடு வரைக்கும் ஸ்கேல் வெச்சு அளங்க. அதோட 20ல இருந்து 30 மில்லிமீட்டர் கூட்டினா, உங்க சீட்டோட அகலம் தோராயமா கிடைச்சிடும்.

தம்பிக்கு 125 வந்தது. அப்ப 145ல இருந்து 155 வரைக்கும் இருக்கிற சீட் வேணும். அவரோட சீட்டை அளந்தா 130! எலும்பு ரெண்டும் ஓரத்துல தொங்கிட்டு இருந்திருக்கு. அவர் பாத்து வெச்ச 10 ஆயிரம் ரூபாய் கார்பன் சீட்டும் அதே 130தான். வாங்கியிருந்தா, மரத்துப் போறதுக்கு இன்னும் 10 ஆயிரம் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும்.

ரெண்டாவது வேலை: உயரமும் சாய்மானமும்

குதிகாலைப் பெடல்ல வெச்சு, பெடல் கீழ இருக்கும்போது கால் நேரா வரணும். ஏறுறதுக்கு அதுதான் உயரம். சீட்டை ரசமட்டம் வெச்சு சமமா வையுங்க, போன்ல இருக்கிற லெவல் ஆப் கூட போதும். மூக்கு மேல தூக்கியிருந்தா நடுப்பகுதி அழுந்தும். டவுன்ஹில் ரேஸ்காரங்க மூக்கைத் தூக்கி வெக்கிறதைப் பாத்து நாமளும் வெச்சா, 70 வளைவு ஏறுறதுக்குள்ள படாத பாடு படணும்.

சோளக்காடு போய்ச் சேர்ந்ததும் டீ குடிச்சுட்டு, இறங்குறதுக்கு முன்னாடி சீட்டை ஒரு 5 செ.மீ. இறக்குங்க. பழைய உயரத்துல இன்சுலேஷன் டேப் ஒண்ணு சுத்தி வெச்சா அடுத்த வாரம் தேட வேண்டாம். ஓட்டிக்கிட்டே சீட்டை இறக்குற டிராப்பர் போஸ்ட் இருக்கு, அருமையான சாமான்தான். ஆனா மாசம் ரெண்டு தடவை மலைக்குப் போறவருக்கு ஒரு அலன் கீயே போதும். சீட் போஸ்ட்ல ஒரு குறைந்தபட்சக் கோடு போட்டிருப்பாங்க. அதைத் தாண்டி வெளிய இழுக்காதீங்க, ஃப்ரேம் வெடிச்சிடும்.

உறுதி எங்க இருக்கு?

சீட்டைத் திருப்பிப் பாருங்க. அடியில ரெண்டு கம்பி இருக்கும். சீட் உழைக்குமா இல்லையாங்கிறது பெரும்பாலும் அதுலதான் இருக்கு. சாதா ஸ்டீல், குரோமோலி, டைட்டானியம், கார்பன்னு நாலு வகை பாக்கலாம். என் ஓட்டு குரோமோலிக்குத்தான். அது ஸ்டீல்லயே நல்ல கலவை. கீழ விழுந்தா வளையும், அந்த வளைவு கண்ணுக்குத் தெரியும், மாத்திடலாம். கார்பன்ல உள்ள விரிசல் விட்டா வெளிய தெரியாமயே இருக்கலாம். ஒரு நாள் இறக்கத்துல திடீர்னு ஒடியும். அது மட்டுமில்ல, கார்பன் கம்பி பல சீட்டுல முட்டை வடிவத்துல இருக்கும். சாதாரண போஸ்ட்ல இருக்கிற கிளாம்ப் அதுக்கு உருண்டைக் கம்பி மாதிரி பொருந்தாது, அதுக்கும் தனியா செலவு.

இவ்வளவுக்கும் மிச்சமாகுற எடை பெரும்பாலும் 100 கிராமுக்குள்ளதான். ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலே ஒரு கிலோ! விழுந்து உடைஞ்சா வாரண்டி பொதுவா கிடைக்காது, பில் பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிச்சுட்டே வாங்குங்க.

இன்னும் மூணு விஷயம் கவனிங்க. பின்பக்க ரெண்டு மூலையிலயும் கெட்டியான ரப்பரோ பிளாஸ்டிக்கோ இருக்கணும். சுவத்துல சாய்ச்சாலும் ரோட்டுல விழுந்தாலும் முதல்ல தேயிறது அங்கதான். மேல தையல் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது, தையல் இருக்கிற இடத்துலதான் உரசும், பிரியும். மூணாவது, கம்பியோட நடுவுல கிளாம்ப் பண்ணுங்க. ஓரத்துல பிடிச்சா நல்ல கம்பியும் வளையும்.

"தோல் சீட் பத்து வருஷத்துக்கு மேல வருமே"ன்னு சிலர் கேப்பீங்க. உண்மைதான். இங்கிலாந்தோட புரூக்ஸ் 1866ல தொடங்கின கம்பெனி, அவங்க தோல் சீட்டுக்கு இன்னிக்கும் மவுசு குறையல. ஆனா அது மழையில நனையக் கூடாது, அப்பப்ப மெழுகு தடவணும், தோலோட இறுக்கத்தையும் பாத்துக்கணும். புழுதியில உழண்டு, ஐப்பசி மழையில கொல்லிமலை இறங்குற வண்டிக்கு நான் அதை சொல்ல மாட்டேன்.

கணக்கு

தம்பி கடைசியா வாங்கினது 150 மி.மீ. அகலம், குரோமோலி கம்பி, நடுவுல பள்ளம் இருக்கிற சீட். 2,500 ரூபாய். கடையில பழைய சீட் ஒண்ணை மாட்டி நாலு தெரு ஓட்டிப் பாத்துட்டுத்தான் காசு கொடுத்தார். நீங்களும் கேளுங்க, கேக்கிறதுல வெக்கம் இல்ல. பில்லும் வாங்குங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து சைக்கிளுக்கும் அதோட உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5 ஆகியிருக்கு. அந்தக் குறைப்பு உங்க பில்லுக்கு வந்திருக்கான்னு பாருங்க.

மாசம் ரெண்டு ரைடுன்னு மூணு வருஷத்துக்கு 72. பழைய 19ஐயும் சேர்த்தா 91. வண்டியும் சீட்டும் சேர்ந்து 40,500. அப்ப ஒரு ரைடுக்கு 445 ரூபாய். 2,000ல இருந்து 445க்கு வந்தாச்சு. சீட்டோட விலையை விட, அது வண்டியை வீட்டை விட்டு வெளிய எடுக்க வெக்குதாங்கிறதுதான் பெரிய கணக்கு. வாங்கினதைப் பயன்படுத்தாம மூலையில வெக்கிறதை விடப் பெரிய வீண் செலவு எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஜிம் சந்தாவுக்கும் இது பொருந்தும்னு உங்களுக்கே தெரியும்.

மிச்சம் 7,500 இருக்கே? முதல்ல பிரேக் பேட் மாத்தச் சொன்னேன். 70 வளைவு இறங்குறவருக்கு சீட்டை விட அதுதான் அவசரம். அடுத்து நல்ல ஹெல்மெட், பேடட் ஷார்ட்ஸ் ஒண்ணு. மீதியை அவசரகால நிதியில போட்டுட்டார்.

போன ஞாயித்துக்கிழமை காலையில ஏற்காட்டுல இருந்து போன் வந்தது. "ஒரு தடவை கூட மரக்கலைங்ணா. ஆனா கால் ரெண்டும் போச்சு!"

அதுக்கு நான் என்னப்பா பண்றது? அதை மிதிச்சுத்தான் சரி பண்ணணும். உங்க வண்டி எத்தனை மாசமா மூலையில நிக்குதுன்னு நீங்களும் இன்னிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. அட்டைப்பெட்டி அளவு எடுக்கிறதை அடுத்த வீடியோவுல செஞ்சே காட்டுறேன்.