எண்ணெய் விடுவதற்கு முன் துடையுங்கள்

சாணை பிடிக்கிறவர் ஏனாத்தூர்ப் பக்கம் வருவது குறைந்துபோச்சு. அதனால் கோணம் மாறாமல் கத்தி தீட்டும் கருவி ஒன்று வாங்கினேன். கல் மாட்டிய கம்பி, பித்தளைப் புஷ்ஷுக்குள் முன்னும் பின்னும் ஓடும். ஓட்டம் இறுகியதும் நல்லெண்ணெய் விட்டேன். இயற்கை விவசாயி அல்லவா! சில மாதத்தில் கம்பி லொடலொடவென்று ஆடியது, கோணம் தவறியது. மழுங்கிய கத்தியால் கொய்யாவைக் கவாத்து செய்தால் கிளை கிழியும், அந்தக் காயத்தில் நோய் புகும். நம்மிடம் பூஞ்சாணக்கொல்லியும் கிடையாது.

கல்லிலிருந்து உதிரும் தூள் இரும்பைவிடக் கடினம். எண்ணெயில் ஒட்டி, பித்தளையில் பதிந்து, கம்பியையே அரைத்துவிடும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகவும் மாறும். 'வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெய் போட்டோமே' என்பார்கள். அங்கே ஏதுங்க சாணைத்தூள்? எல்லாவற்றுக்கும் செக்கு எண்ணெயே போதும் என்கிற பிடிவாதத்தை மூட்டு விஷயத்தில் விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

இப்போது கல்லை நனைத்தே தீட்டுகிறேன், தூள் பறப்பதில்லை. புஷ்ஷின் வாயில் பழைய வேட்டித் துணி வளையம் ஒன்று கட்டியிருக்கிறேன். உள்ளே போகும் கம்பியை அது துடைத்து அனுப்பும். வேலை முடிந்ததும் கம்பியை உருவித் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, மிச்சத்தையும் துடைத்துவிடுவேன். தேய்ந்த புஷ்ஷை மட்டும் உத்திரமேரூர் லேத்தில் புதிதாகக் கடைந்து வாங்க வேண்டியிருந்தது.