"தேய்மானம்" என்று சொல்லி அம்மாவைக் கட்டிலில் உட்காரவைக்காதீர்கள்

நீளமான பதிவு, கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

"சார், அம்மாவுக்கு முட்டி தேய்ஞ்சுபோச்சு. இனி நடக்கக் கூடாதுன்னு உட்காரவெச்சுட்டோம்." இதை என்னிடம் சொல்லாத ஆள் உங்களில் குறைவு. யாரப்பா நடக்கக் கூடாது என்று சொன்னது? மருத்துவரா, பக்கத்து வீட்டுக்காரரா, வாட்ஸ்அப்பில் வந்த தைல விளம்பரமா?

முழங்கால் மாட்டுவண்டி அச்சு அல்ல, ஓட ஓடத் தேய்ந்து தீர்ந்துபோவதற்கு. அது உயிருள்ள உறுப்பு. மூட்டு முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. கால் ஊன்றும்போது அழுந்தி, தூக்கும்போது விரிந்து, மூட்டு நீரிலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிற மூட்டு. முழங்காலின் சுமையைத் தாங்கிக்கொடுப்பது தொடைத் தசை. கட்டிலில் உட்காரவைத்தால் முதலில் கரைவது அதுதான். தசை கரைந்தால் வலி கூடும். வலி கூடினால் இன்னும் ஓய்வு என்பீர்கள். அப்புறம் கழிப்பறைக்குப் போகவே ஆள் பிடிக்க வேண்டும்.

"காலம் முழுக்க மஞ்சக்காட்டுல பாடுபட்டவங்களுக்கு உடற்பயிற்சி எதுக்கு சார்?" என்று கேட்கிறீர்கள். பாடு வேறு, பயிற்சி வேறு. குத்தவைத்து உட்கார்ந்து மணிக்கணக்கில் குச்சிக்கிழங்கு தோல் உரிப்பது முட்டியை மடக்கி அழுத்திக்கொண்டே இருக்கும் வேலை. பயிற்சி என்பது எந்தத் தசை பலவீனமோ அதைத் தேர்ந்து, அளவாக, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போவது. உங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தானே?

இது என் சொந்தக் கருத்து அல்ல. முட்டிவாதத்துக்குத் துளைவழியாக மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சையை அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். உண்மையாகச் செய்துகொண்டவர்களுக்கு அவர்களைவிட வலி குறையவில்லை. இது 2002இல் வெளிவந்தது. 2020இல் இன்னொரு ஆய்வு: 156 பேரில் ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு ஊசி, மறு பாதிக்குப் பிசியோதெரபி. ஓராண்டு கழித்து வலியும் முடக்கமும் குறைவாக இருந்தது பிசியோதெரபி பெற்றவர்களுக்கு. ஊசிக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துவைக்கும் நாம் பிசியோவுக்கு நூறு ரூபாய் கொடுக்க யோசிக்கிறோம். போனாலும் "கரண்ட் வெச்சு விட்டாங்க, ரெண்டு நாள்ல நிறுத்திட்டோம்" என்கிறோம். கரண்ட் வைப்பது துணை வைத்தியம். பயிற்சிதான் மருந்து. அதை ஆறு வாரமாவது விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும்.

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பார்கள். நாமோ வாசலுக்கு வருகிறவர்களிடம் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி, எடைக் குறைப்பு எல்லாம் முறையாகச் செய்தும் தூக்கம் கெடும் அளவுக்கு வலி இருந்தால் மூட்டு மாற்றுவது நல்ல வழி. 2017இல் மத்திய அரசு செயற்கை மூட்டு விலைக்கு உச்சவரம்பு வைத்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அது கடைசிப் படி. முதல் படியில் கால் வைக்காமலே கடைசிப் படிக்குத் தாவுகிறோம் என்பதுதான் என் சண்டை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் ஏறும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. எந்தத் தைலம் இதைச் செய்யும்?

கபடி ஆடும் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. முட்டி திருகி, 'டக்'கென்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால் அது சுளுக்கு அல்ல, உள்ளே தசைநார் அறுந்திருக்கலாம். நீவிவிட ஓடாதீர்கள், எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முட்டி பூட்டிக்கொண்டாலும், காய்ச்சலோடு சிவந்து வீங்கினாலும் அப்படித்தான். கால்பந்துக்காரர்களுக்கு ஃபிஃபா வகுத்த இருபது நிமிட முன்பயிற்சியைத் தொடர்ந்து செய்த அணிகளில் காயங்கள் குறைந்தன. தாவுதல், ஒற்றைக்காலில் நிற்றல், தொடைக்கு வலுவூட்டல், அவ்வளவுதான். கோப்பைக்கும் பேனருக்கும் பணம் பிரிக்கிற ஊர்க் குழுக்கள், ஆட்டத்துக்கு முன் அந்த இருபது நிமிடத்தை ஒதுக்கக் கூடாதா?

வீட்டுப் பாடம் இரண்டு. ஒன்று, காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து ஐந்து எண்ணும்வரை அழுத்தி விடுவது, பத்து முறை. இரண்டு, உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருவது, முடிந்த அளவு. லேசான வலி இருந்தால் பயமில்லை. வலி கூடி மறுநாளும் நீடித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒருமுறை பிசியோவிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற கண்ணுகளா, அம்மாவுக்கு முட்டிவலித் தைலம் ஆர்டர் போடுவதை நிறுத்துங்கள். தினம் பத்து நிமிடம் வீடியோ காலில் வந்து, "நீயும் செய், நானும் செய்யறேன்" என்று கூடவே எண்ணுங்கள். அம்மாயி, அப்பத்தாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் வீட்டில் எத்தனை நாள் நடந்தது என்று கீழே எழுதுங்கள். நான் வருகைப்பதிவு எடுப்பேன்.

— உங்கள் ஓய்வு பெற்ற வாத்தியார், நாமகிரிப்பேட்டை