மியாமி அரிசி

களிமண்ணைச் சலித்து, உப்பும் தாவரக் கொழுப்பும் சேர்த்துப் பிசைந்து, வட்டமாகத் தட்டி வெயிலில் காயவைத்தால், ஹெய்ட்டியின் சேரிகளில் அதுதான் பிஸ்கட். 2008இல் அங்கே பசிக்கு ஒரு பெயர் புழங்கியது: குளோராக்ஸ் பசி. குளோராக்ஸ் என்பது துணி வெளுக்கும் திரவம். குடலை அது அரிப்பதுபோன்ற பசியாம்.

அப்போது அதிபர் ரெனே பிரெவால். வேளாண்மை படித்தவர், பேக்கரி நடத்தியவர். பசியை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2006 தேர்தலில் வாக்கு எண்ணிக்கையில் சந்தேகம் வந்தபோது, ஏழைகள் அவருக்காகத் தெருவில் இறங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, ஏப்ரல் 2008இல், அரிசி விலை தாங்காமல் ஏழைகளே அவரது மாளிகைக் கதவை உடைக்கப் பார்த்தார்கள். கூட்டத்தை விரட்டியது ஐ.நா. படை. பிரதமரின் பதவி பறிபோனது. மூட்டைக்குச் சில டாலர் குறைப்பதாக அதிபர் அறிவித்தார். அதிலும் ஒரு பங்கு வெளியிலிருந்து வந்த உதவிப் பணம்தான்.

அர்த்திபோனித் பள்ளத்தாக்கில் நெல் விளையும் நாடு அது. 1995இல், வெளியிலிருந்து வந்த நெருக்கடியில், அரிசிக்கான இறக்குமதி வரி 3 சதவீதமாக வெட்டப்பட்டது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. சந்தையில் அதற்குப் பெயர் ‘மியாமி அரிசி’. உள்ளூர் நெல்லுக்கு விலையில்லை. உழுதவர்கள் நகரத்துச் சேரிக்கு வந்தார்கள். அந்த வரிக்குறைப்பு தம் ஊர் அர்க்கன்சாஸ் விவசாயிகளுக்கு உதவியிருக்கலாம், ஹெய்ட்டிக்குத் தவறாகிவிட்டது என்று முன்னாள் அமெரிக்க அதிபர் கிளிண்டன் 2010இல் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதால் தரிசான வயல் விளைந்துவிடாது.

இப்படிப்பட்ட நாட்டில் புதிதாக வரும் அதிபரிடம் மக்கள் சோறு கேட்கிறார்கள். அவரிடம் இருப்பதோ கையெழுத்து. இரண்டுக்கும் நடுவே கடன் கொடுத்தவர், இறக்குமதி செய்பவர், துப்பாக்கி வைத்திருப்பவர் என்று மூவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மூவருக்கும் தேர்தல் கிடையாது. அதனால்தான், ‘ஊழலை ஒழி, முதலீட்டை அழை’ என்று வெளியிலிருந்து நீட்டப்படும் அறிவுரைப் பட்டியல்களை நாம் சந்தேகத்தோடு பார்க்கிறோம். தன் அரிசிக்குத் தானே வரி வைக்க முடியாத அரசுக்கு எதற்குப் பட்டியல்?

பிரெவாலின் கணக்கில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. இரு முறை ஆண்டார். இரு முறையும் முறைப்படி இறங்கினார். ஹெய்ட்டியில் அது சாதாரணமல்ல. 2011 மே 14 அன்று, நிலநடுக்கத்தில் மாளிகை நொறுங்கிக் கிடக்க, அடுத்த அதிபராக மிஷெல் மார்தெலி பதவியேற்றார். விழாவின் நடுவில் மின்சாரம் போய்விட்டது.