இரத்தம் பொய் சொல்லுமா?

மயிலாப்பூர் மாட வீதிகளிலும், தியாகராய நகரிலும், அடையாற்றிலும் விடியற்காலையில் காப்பியைத் தியாகம் செய்துவிட்டு, இரத்தப் பரிசோதனை நிலையங்களின் வாயிலில் காத்திருப்போரைக் காணலாம். காப்பியை மறவாமல் விட்டவர்கள், முதல் நாள் இரவு விழுங்கிய வைட்டமின் மாத்திரையைப் பற்றி மூச்சு விடுவதில்லை. "அது மருந்தா என்ன? வெறும் சத்துத்தானே!" என்பது அவர்களுடைய சித்தாந்தம். இந்தச் சித்தாந்தம் சில சமயம் பிராணாபத்தாகவே முடியக்கூடும் என்பதை நேயர்கள் அறிதல் நலம்.

தலைமயிர் உதிராமல் காப்பதற்கென்று விற்பனையாகும் மாத்திரைகளில் பயோட்டின் என்னும் ஜீவசத்து இருக்கிறது. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் இருந்தால் போதும்; சாதாரண உணவிலேயே அது கிடைத்துவிடும். ஆனால் இம்மாத்திரைகள் பலவற்றில் 5 அல்லது 10 மில்லிகிராம் அடங்கியிருக்கிறது. 10 மில்லிகிராம் என்பது தேவையைப்போல் 300 மடங்குக்கும் மேல்! மிகுதியானது சிறுநீரில் கழிந்துவிடும். கழியும் வரையில் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். தொல்லை அங்கேதான் பிறக்கிறது.

பயோட்டினுக்கு ஸ்ட்ரெப்டாவிடின் என்னும் புரதத்தினிடம் அபாரமான பற்று உண்டு. அந்தப் பற்றையே கருவியாகக் கொண்டு பல பரிசோதனை முறைகள் அமைந்திருக்கின்றன. கல்யாணப் பந்தியில் அழையாதவர்கள் முன்னதாகவே இலைகளைப் பிடித்துக்கொண்டால், அழைக்கப்பட்டவர்கள் வெளியே நிற்க நேரும். உள்ளே தலை எண்ணுகிறவர், 'நம்மவர் சிலரே வந்தனர்' என்று எழுதிக்கொள்வார். இரத்தத்திலுள்ள பயோட்டின் செய்கிற காரியமும் இதுவே.

இதனால் தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். டி4 பரிசோதனையின் கணக்கு எதிரிடையானது. ஆகையால் அது அதிகமாகத் தோன்றும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வைத்தியர், தைராய்டு சுரப்பு மிகுந்துவிட்டது என்று கருதினால் அவரைக் குறை கூற முடியுமா? இல்லாத நோய்க்கு மருந்து ஆரம்பமாகிவிடும். இதைவிடக் கொடியது, உள்ள நோயை மறைப்பது. மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் அளவும் இவ்வாறே குறைந்து தோன்றக்கூடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தார் 2017 நவம்பரில் விடுத்த எச்சரிக்கையில், அதிக பயோட்டின் உட்கொண்டு வந்த ஒருவர், டிரோபோனின் தவறாகக் குறைந்து காட்டிய பின் மாண்ட செய்தி கண்டிருக்கிறது. எல்லா இயந்திரங்களும் இம்முறையைக் கையாள்வதில்லை; எது கையாள்கிறது என்பது நமக்கு எப்படித் தெரியும்?

இயந்திரத்தை ஏமாற்றாமலே மனிதரை ஏமாற்றும் ஜீவசத்து ஒன்றும் உண்டு. அதன் வரலாறு நம் சென்னையோடு தொடர்புடையது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895–1948). காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்ததால் ஆங்கிலப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். பின்னர் அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் நடத்திய குழுவினர் 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். சோகைக்கு அது அரிய மருந்து. ஆனால் பி12 குறைவினால் வந்த சோகைக்கு அதை மட்டும் கொடுத்தால் இரத்த அணுக்கள் சீராகிவிடும். பரிசோதனைத் தாளைக் கண்டு வீட்டார் மகிழ்வர். உள்ளே நரம்புகளின் சேதமோ வளர்ந்துகொண்டே போகும். பி12 இயற்கையாகத் தாவர உணவில் கிடைப்பதில்லை. பாலையும் தயிரையுமே நம்பியிருக்கும் சைவக் குடும்பத்தார் இதைக் கவனித்தல் அவசியம்.

செய்ய வேண்டியது சிறிய காரியந்தான். பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தார் கூறுகிறார்கள். வைத்தியரே கொடுத்த மாத்திரையானால் அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. மார்வலி இரண்டு நாள் காத்திருக்காது. அப்போது ஆஸ்பத்திரியில் முதலில் சொல்ல வேண்டிய செய்திகளில் இம்மாத்திரையும் ஒன்று.

இரத்தம் பொய் சொல்வதில்லை. நாம் சொல்லாமல் விடுவதைத்தான் அது வேறு விதமாகச் சொல்லிவிடுகிறது. பரிசோதனை நிலையத்தில் பெயரும் வயதும் கேட்கும்போது, மாத்திரையின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.